பயம் மறந்த நரிகள்

விடியலில் அடுப்பு மூட்டப் போன அருந்ததி, ஆறிய சாம்பலுக்குள் ஒரு கீரி சுருண்டு படுத்திருப்பதைக் கண்டாள்.

முதலில் அதை ஏதோ பழந்துணி என்றுதான் நினைத்தாள். கைவிளக்கைக் குசினித் தூணில் கொழுவிவிட்டு ஊதுகுழலை எடுக்கக் குனிந்தபோது அந்தத் துணி மூச்சு விட்டது. கீரி என்பது ஆளின் நிழல் விழுமுன்னரே மறைந்துவிடுகிற சாதி. இந்தக் காணிக்கு வந்த நாள் முதலாக, வேலிக்குள் நுழையும் வாலைத் தவிர அதன் முகத்தை அவள் ஒழுங்காகப் பார்த்ததில்லை. இப்போது அது தலையைத் தூக்கிப் பீளை கட்டிய கண்களால் அவளைப் பார்த்தது. ஊதுகுழலால் நிலத்தில் தட்டினாள். "சூ" என்று அதட்டினாள். கீரி எழும்ப முயன்று முன்னங்கால்களை ஊன்றியது. ஊன்றியதும் நெருப்பில் வைத்துவிட்டது போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. ஆனால் முதல்நாள் மாலைக்குப் பிறகு அந்த அடுப்பில் தீயே மூட்டவில்லை.

அவளுடைய புருசன் மயில்வாகனம் வந்து அதை மண்வெட்டியில் ஏந்திக்கொண்டுபோய் வேலிக்கு அப்பால் போட்டான். கிழட்டுக் கீரி, குளிருக்கு ஒதுங்கியிருக்கும் என்றான். அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அது கிடந்த இடத்தில் அதன் உரோமம் மிஞ்சிக் கிடந்தது, உடம்பை மட்டும் உருவி எடுத்துவிட்டு உருவத்தை விட்டுவைத்தது போல. அருந்ததி கூட்டி அள்ளினாள். அள்ள அள்ள இன்னும் இருந்தது. பொழுது ஏறுகிறதே என்று கடைசியில் தீயை மூட்ட, மயிர் கருகும் நாற்றம் கிடுகுக் கூரைவரை ஏறி அங்கேயே தங்கிவிட்டது. அன்று குடித்த தேத்தண்ணீரிலும் அது இருந்தது.

அக்கராயன் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் கொடுத்த காணிகளில், கடைசி வரிசையின் கடைசிக் காணி அவர்களுடையது. யாழ்ப்பாணத்தில் பங்கு பிரித்தால் ஒரு கிணற்றடி கூட மிஞ்சாத குடும்பத்தில் பிறந்த மயில்வாகனம், கல்யாணம் முடித்த கையோடு அருந்ததியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவன். மகள் விமலேஸ்வரி இந்த மண்ணில்தான் பிறந்தாள். முன்னால் வயல், பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் பாலையும் வீரையும் நெருங்கி நின்ற காடு. பக்கத்துக் காணியில் அப்புத்துரை என்ற நடுவயதுக்காரர், பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்து வயல் செய்தார். மற்ற வீடுகள் கூப்பிட்டாலும் கேளாத தூரத்தில் இருந்தன.

அந்த முறை பெரும்போகம் நன்றாகப் பிடித்தது. நெல் கதிர் தள்ளுமுன் குடலை கட்டும்போது எலி வந்தது. வருசா வருசம் வருகிற எலியல்ல. பொழுது சாய்கிற நேரத்தில் வரம்பில் நின்றால், வயல் முழுவதும் பாக்குவெட்டிகள் ஒன்றாக வேலை செய்வது போல நறுக் நறுக்கென்று கேட்கும். காலையில் பார்த்தால் பயிர் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். எல்லோரும் போய் முறையிட, ஜீப்பில் ஒரு உத்தியோகத்தர் வந்து தகரப்பேணிகளில் ஒரு வெள்ளைத் தூளைக் கொடுத்தார். மணமில்லை, ருசியில்லை, எலிக்குச் சந்தேகமே வராது என்றார். குறுணல் அரிசியில் தேங்காயெண்ணெய் விட்டுப் பிசைந்து சிரட்டைகளில் வைக்க வேண்டும். ஆடு கோழிகளைக் கட்ட வேண்டும். செத்த எலிகளைப் புதைக்க வேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதானோ என்னவோ.

எலிகள் செத்தன. முதலில் கடகம் கடகமாக அள்ளிப் புதைத்தார்கள். ஆனால் அந்தத் தூள் தின்ற எலி தின்ற இடத்தில் சாகவில்லை. நாட்கணக்காக வயிறு கனத்துத் தள்ளாடித் திரிந்தது; வரம்பேறிக் காட்டுக்குள் போனது; பட்டப்பகலில் பற்றை ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தது. காட்டுக்குள் போனவற்றை யார் தேடிப் புதைப்பது? அவ்வளவு சுலபமான இரை அந்தக் காட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

கீரிக்குப் பிறகு ஒரு காட்டுப்பூனை வைக்கோல் போருக்குள் செத்துக் கிடந்தது. பிறகு ஒரு மத்தியானம், கிணற்றடிக்கு உடுப்புத் தோய்க்கப் போனபோது நரியைக் கண்டாள்.

உச்சி வெய்யில். வாளியிலிருந்து வழிந்து தேங்கிய தண்ணீரை அது குடித்துக்கொண்டிருந்தது. அருந்ததி கை தட்டினாள். அது திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து குடித்தது. முதுகில் மயிர் திட்டுத் திட்டாக உதிர்ந்து, தெரிந்த தோல் செந்நிறமாக இருந்தது. வயிற்றின் கீழே முலைகள் தொங்கின. எங்கேயோ குட்டிகள் இருக்கின்றன என்று நினைத்தாள். குடித்து முடித்த நரி காட்டை நோக்கி நடந்தபோது ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி, நிலத்தில் வைக்கப் பயந்து பயந்து வைத்துப் போனது. வெய்யில் மண் சுடுகிறது போலும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய வெறுங்கால்களுக்குக் கீழே மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது.

அன்று மைம்மல் பொழுதில் விளக்கு வைத்துவிட்டு வாசலில் நின்றவள், எதையோ எதிர்பார்த்து நிற்கிறோம் என்று உணர்ந்தாள். என்னவென்று பிடிபட நேரமெடுத்தது. குளக்கட்டுப் பக்கம் ஒரு நரி தொடங்க, காட்டிலிருந்து இன்னொன்று எடுக்க, பிறகு எல்லாமாகச் சேர்ந்து ஊளையிடுகிற நேரம் அது. வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து அழுதவள் அவள். இப்போது தவளைகள் கத்தின, தூவானம் கிடுகில் விழுந்தது, வயல் பக்கமிருந்து அழுகல் வாடை வந்தது. ஊளை மட்டும் வரவில்லை. காடு வாயைப் பொத்திக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

மழைக்குளிருக்கு விமலேஸ்வரிக்கு இழுப்பு வந்தது. பிள்ளையின் நெஞ்சுக்குள் பூனை உறுமுவது போன்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தாய் தகப்பன் இருவரும் விழித்திருந்தார்கள். மறுநாள் அப்புத்துரை ஒரு உடும்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளையின் இழுப்புக்கு இதைவிட மருந்து கிடையாது என்பது அவளும் கேள்விப்பட்டதுதான்.

"நாயும் விடேல்லை, கண்ணியும் வைக்கேல்லை தங்கச்சி," என்றார் அவர். "வரம்பிலை சும்மா படுத்துக் கிடந்தது. கையாலை தூக்கினன்."

அவர் போன பிறகு அருந்ததி உடும்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் மூடி மூடித் திறந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் புருசனிடம். "ஓடாத உடும்பு. ஏதும் வருத்தம் பிடிச்சதோ தெரியாது."

மயில்வாகனம் அதன் வயிற்றை அமத்திப் பார்த்தான். "வருத்தமோ? கொழுத்துக் கிடக்குது. தின்ற கனத்திலை ஓடேலாமல் கிடந்திருக்கு."

என்ன தின்றது என்று இருவரும் கேட்கவில்லை.

அருந்ததி பிறந்ததிலிருந்து சைவம். மச்சம் சமைக்க வேறு சட்டி வைத்திருந்தாள். உப்புப் பார்க்கக் கூட நாக்கில் வைக்க மாட்டாள். அந்தச் சட்டியில் மிளகும் உள்ளியும் போட்டுக் காய்ச்சி, எலும்பு பார்த்து, சோற்றோடு குழைத்து, கவளம் கவளமாகப் பிள்ளைக்குத் தீத்தினாள். சொல்லி வைத்தது போல அன்றிரவே இழுப்பு இறங்கியது. பிறகென்ன, கிடைக்கும்போதெல்லாம் அப்புத்துரை கொண்டுவந்தார். அந்த முறை உடும்புகள் எல்லாமே கையால் தூக்கக்கூடியவையாக இருந்தன. ஆண்கள் இருவரும் மரத்தடியில் இருந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். பிள்ளை தானாகவே வந்து வாயைத் திறந்தாள்.

பொங்கலுக்கு முன் குடியேற்றத்தில் பலபேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மயில்வாகனம் போகவில்லை. வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவது போல நோகிறது என்று படுத்தான். அடுத்தது பாதம். பாயில் கால் பட முடியவில்லை என்றான். போர்வை கொடுத்தாள், போர்வை பட்டாலே நோகிறது, எடு என்றான். ஒரு நாள் விடிகாலையில் அவன் கிணற்றடிக்கு நடந்து போனதைக் குசினி வாசலில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி. வைக்கப் பயந்து பயந்து. மழையில் ஊறிய மண்ணில்.

அந்த நடையை அவள் கண்டிருக்கிறாள்.

அப்புத்துரை வண்டில் கட்டினார். அவருக்கும் கால் எரிவு. மாட்டுக்குப் பின்னால் ஏறி இருந்துகொண்டே ஓட்டலாம் என்றார். கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போய்விட்டு அடுத்த நாள் திரும்பி விடுவதாகப் பேச்சு. விமலேஸ்வரிக்கு இலேசான வயிற்றுநோ மட்டும்தான். இருட்டி வந்த மழைக்குள் இழுப்புக்காரப் பிள்ளையை ஏற்ற மயில்வாகனம் விடவில்லை. வண்டிலின் பின்பலகையில் சாய்ந்து கிடந்தவன் கையை மட்டும் உயர்த்தினான். வண்டில் வளைவில் மறைந்ததும் மழை பிடித்தது.

மழை விடவில்லை. குளம் நிரம்பி மிகைநீர் வான் பாய்கிற இரைச்சல், தூரத்தில் பெரிய கூட்டமொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது போலக் கேட்டது. தெரு தண்ணீருக்குள் போய்விட்டது. ஒருவரும் வரவில்லை. வந்தவை நரிகள்தான்.

கூரைத் தாழ்வாரத்தின் கீழே, விறகு அட்டிக்குப் பக்கத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றன. சண்டை இல்லை, உறுமல் இல்லை. நனைந்து, மயிரில்லாமல், விலா எலும்பு தெரிய, ஏதோ கேட்டு வந்து கேட்கத் தெரியாமல் நிற்கிறவர்கள் போல. அருந்ததி கொள்ளிக்கட்டை எடுத்து வீசினாள். கட்டை ஒன்றின் முதுகில் பட்டுச் சுர்ரென்றது. அது விலகவில்லை. தலையைத் திருப்பி அடிபட்ட இடத்தை மோந்து பார்த்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எதையும் வீசவில்லை. கதவுக்குக் குறுக்கே உரலை உருட்டி வைத்தாள். படலின் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். கரகரப்பாக, விட்டுவிட்டு. இந்தப் பக்கம் பிள்ளையின் மூச்சு. ஒரு நேரத்தில் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

தாய் நரி தனியாக வரும். ஒருமுறை வாயில் குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. குட்டி அசையவில்லை. கிணற்றடியில் வைத்துவிட்டு நின்றது. அருந்ததியைப் பார்த்தது. படலின் நீக்கல் வழியாக அருந்ததியும் அதைப் பார்த்தாள். முதலில் கண்ணை எடுத்தவள் அருந்ததிதான்.

மழை சற்று ஓய்ந்த காலையில், பிள்ளைக்குத் தலை இழுக்க உட்கார்ந்தாள். வயிற்றுநோவில் கிடந்த பிள்ளைக்குத் தலை சிக்குப் பிடித்திருந்தது. பின்னலை அவிழ்க்க நுனியைப் பிடித்தாள். இழுக்கக்கூட இல்லை. பின்னல் அப்படியே கையோடு வந்தது.

சத்தமில்லாமல். நோவில்லாமல். வேரோடு.

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மற்றக் கையால் உச்சியைத் தொட்டாள். அதுவும் வந்தது.

"அம்மா, முடிஞ்சுதோ?" என்று கேட்டாள் பிள்ளை, திரும்பாமல்.

"ஓம் குஞ்சு," என்றாள் அருந்ததி. "முடிஞ்சுது."

எலி. எலியைத் தின்ற கீரி. எலியைத் தின்ற நரி. எலியைத் தின்ற உடும்பு. மச்சச் சட்டி குசினி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அவள் தன் வலக்கையைப் பார்த்தாள். ஐந்து விரல்கள். கவளம் கவளமாக.

பிள்ளையைச் சீலையால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். சீலை பட்ட இடமெல்லாம் நோகிறது என்று பிள்ளை முனகினாள். வரம்பு வழுக்கியது. வழியில் நரிகள் கிடந்தன. செத்தவையும் சாகாதவையும். ஒன்றும் எழும்பவில்லை. தாண்டித் தாண்டிப் போனாள். வான் பாய்கிற இடத்தில் தெருவே இல்லை. செம்மண் நிறத் தண்ணீர் மரங்களை இடுப்பளவில் அறுத்துக்கொண்டு போனது. இறங்கினாள். நெஞ்சளவு வந்ததும் கால் நிலத்தை விட்டது. ஒரு மருதங்கிளை கையில் அகப்பட்டதால் கரைக்கு மீண்டாள்.

அக்கரையில் ஒரு வண்டில் நின்றது. முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற மீராசாகிபு, கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்திருந்தார். அவளைக் கண்டுவிட்டு வாய்க்குக் கை குவித்துக் கத்தினார். தண்ணீர் இரைச்சல் எல்லாவற்றையும் தின்றது. அவள் பிள்ளையை உயர்த்திக் காட்டினாள். அவர் மறுபடி கத்தினார். காற்றுத் திரும்பிய ஒரு கணம் இரண்டு சொற்கள் மட்டும் வந்து சேர்ந்தன.

"...ரெண்டுபேரும்... முடிஞ்சுது..."

பிறகு அவர் தோணி வலிப்பது போலக் கையசைத்துக் காட்டினார். திரும்பிப் போ என்று காட்டினார். வானத்தைக் காட்டினார். தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிலைத் திருப்பினார். தோணி கொண்டுவரப் போகிறார். எங்கேயிருந்து? எப்போது? அவள் கத்திக் கேட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தாழ்வாரத்தில் நரிகள் இல்லை. ஈரத்தில் அவை கிடந்த அடையாளங்கள் மட்டும். அருந்ததி பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். கண் தெரியவில்லை, புகை மாதிரி இருக்கிறது என்றாள் பிள்ளை. தண்ணீர் கேட்டாள். குடம் காலி. இரண்டு நிமிசம் குஞ்சு, அம்மா இந்தா வாறன் என்று சொல்லிவிட்டு வாளியோடு கிணற்றடிக்குப் போனாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். உரலை உருட்ட நேரமில்லை.

கிணற்றடியில் குட்டி கிடந்தது. மழையில் ஊதி, வெளிறி. அதன் பக்கத்தில் தாய் இல்லை.

வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கயிறு கையை அறுத்தது. தூக்கிக்கொண்டு திரும்பினாள். தண்ணீர் பாதி வழியிலேயே சிந்தியது. கதவு அவள் விட்ட மாதிரியே திறந்திருந்தது. உள்ளே ஏதோ சத்தம். ஈரமான, மெல்லிய, ஒரே சீரான சத்தம். நாய் கஞ்சி குடிப்பது போல.

வாசலில் நின்றாள்.

பாயில் பிள்ளை கிடந்தாள். பிள்ளைக்குப் பக்கத்தில், அவளை அணைத்துக்கொண்டு, மயிர் ஒன்றுகூட இல்லாத சிவந்த உடம்போடு அந்தத் தாய் நரி படுத்திருந்தது. முன்னங்கால் ஒன்று பிள்ளையின் நெஞ்சின் மேல். அது நக்கிக்கொண்டிருந்தது. அந்த மொட்டைத் தலையை. பிடரியிலிருந்து நெற்றி வரைக்கும். நிதானமாக. எஞ்சிய மயிர் அதன் நாக்கில் ஒட்டி வந்தது.

அருந்ததி வாளியைக் கீழே வைத்தாள்.

பிள்ளை கண்களை மூடியிருந்தாள். கையைத் தூக்கி, தடவித் தடவி, அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இப்ப நோகேல்லை அம்மா," என்றாள்.

நரி தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தது. பிறகு குனிந்து மறுபடியும் நக்கத் தொடங்கியது.